‘ஊர்’ என்றால் எது, யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் தினமும் வாயில் வருகிற சொல் ‘ஊர்’. ஆனால் ‘ஊருக்கும் கிராமத்துக்கும் என்ன வித்தியாசம்?’, ‘சேரி கெட்ட வார்த்தையா?’, ‘காலனி என்று எழுதலாமா?’ என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஊர் என்பது கிராமமா, நகரமா?

இரண்டும்தான். மதுரையும் ஊர், அதற்குப் பக்கத்தில் முப்பது வீடுகள் மட்டும் உள்ள ஒரு பட்டியும் ஊர். கிராமம், நகரம் ஆகியவை அளவையும் தொழிலையும் பார்த்து வகை பிரிக்கிற சொற்கள். உதாரணமாக, நகராட்சி, பேரூராட்சி என்று அறிவிக்கப்படாத ஓர் இடத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகச் சேர்க்க வேண்டுமானால், அங்கே குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும், ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்க்கும் ஆண்களில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். ஊருக்கு இந்த மாதிரிக் கணக்கெல்லாம் கிடையாது. மனிதர்கள் குடியிருந்து, தங்களை ஒரு கூட்டமாக நினைத்து, ஒரு பெயரும் வைத்துக்கொண்டால் அது ஊர்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. சென்னையில் இருக்கும் ஒருவர் ‘பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்’ என்றால், எந்த ஊர் என்று சொல்லாமலே நமக்குப் புரிகிறது. இருக்கும் இடம் அல்ல, கிளம்பி வந்த இடம்தான் அங்கே ‘ஊர்’.

‘ஊர் சிரிக்கும்’ என்கிறோமே, இடம் எப்படிச் சிரிக்கும்?

இடம் சிரிக்காது, அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். இடத்தின் பெயர் அங்குள்ள மனிதர்களுக்கு ஆகி வந்தால் இலக்கணத்தில் அதை இடவாகுபெயர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்கு உதாரணமாகப் பல சொற்கள் படித்திருப்போம். ஆனால் எனக்குத் தெரிந்து ‘ஊர்’ அளவுக்கு மனிதர்களாகவே மாறிப்போன இடப்பெயர் தமிழில் வேறு இல்லை.

ஊர் கூடித் தேர் இழுக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஊருடன் பகைத்தால் வேருடன் கெடும். இவற்றில் எதிலுமே மண்ணோ எல்லையோ இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள். ‘ஊர்ப்பட்ட வேலை கிடக்கு’ என்று அலுத்துக்கொள்ளும்போது அந்தக் கூட்டம் அளவைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்ற பழமொழியில் ஊரார் என்பது அடுத்தவர்கள். ‘ஊரான் சொத்து’ என்றால் அந்நியனின் சொத்து. ஒரே சொல் ‘நாம் எல்லோரும்’ என்றும் பொருள் தருகிறது, ‘நம்மவர் அல்லாதவர்’ என்றும் பொருள் தருகிறது. யார் பேசுகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். சேரி, காலனி பற்றிக் கீழே வரும் பதில்களுக்கு இது மிகவும் முக்கியம்.

‘என் ஊர்’ என்பதா, ‘எங்கள் ஊர்’ என்பதா?

இரண்டும் இலக்கணப்படி சரி. ஆனால் பேச்சில் கவனித்துப் பாருங்கள். ‘என் சட்டை’, ‘என் பேனா’ என்பவர்கள் ஊர் என்று வந்ததும் ‘எங்க ஊர்’ என்றுதான் சொல்வார்கள். தனியாளாக நின்று பேசினாலும் அப்படித்தான். வீடும் அப்படியே, ‘எங்க வீடு’. பலர் சேர்ந்து உரிமை கொண்டாடுவதைத் தனக்கு மட்டும் சொந்தமாக்கிப் பேச நமக்கு நாக்கு வருவதில்லை. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபை தன்னை ‘ஊரோம்’ என்று சொல்லிக்கொள்கிறது. அதாவது ‘ஊராராகிய நாங்கள்’. ‘ஓம்’ என்ற தன்மைப் பன்மை விகுதி பெயர்ச்சொல்லோடு நேராக ஒட்டி நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தமிழ்ச் சொற்களில் ஒன்று அது.

ஊர்வலம், ஊரடங்கு, ஊர்தி, ஊர்வன: எல்லாம் ஒரே ‘ஊர்’ தானா?

இல்லை. ஊர்வலம் என்பது ஊரை வலம் வருவது. ஊரடங்கு என்பது ஊர் அடங்கிக் கிடப்பது. காவல்துறை உத்தரவாக அவ்வப்போது செய்தியில் வந்த இந்தச் சொல், 2020 மார்ச்சுக்குப் பிறகு வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஊர்தியும் ஊர்வனவும் ‘ஊர்தல்’ என்ற வினையிலிருந்து வந்தவை. எறும்பு ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது. ஏறிச் செலுத்துவதும் பழைய தமிழில் ஊர்தல்தான், அதனால் வண்டி ஊர்தி. இதுபோக, நிலவைச் சுற்றித் தெரியும் ஒளி வளையத்துக்கு ‘ஊர்கோள்’ என்று பெயர் உண்டு.

‘சொந்த ஊர்’ என்று எதைச் சொல்வது? பிறந்ததையா, வளர்ந்ததையா?

அதிகம் குழப்புகிற கேள்வி இதுதான். நடைமுறையில் பெரும்பாலானோர் அப்பாவின் ஊரையே சொல்கிறார்கள். கோவையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்ப்பவர்கூட ‘சொந்த ஊர் விருதுநகர்’ என்பார். குலதெய்வம் இருக்கும் இடம், பங்காளிகள் இருக்கும் இடம், நல்லது கெட்டதுக்குப் போக வேண்டிய இடம் எதுவோ அதுவே சொந்த ஊராகக் கொள்ளப்படுகிறது. இதைப் ‘பூர்வீகம்’ என்று சொல்வதுதான் இன்னும் சரியாக இருக்கும்.

கல்யாணமான பெண்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு மடங்கு சிக்கல். பிறந்த ஊர் ஒன்று, வாழ்க்கைப்பட்ட ஊர் ஒன்று. அம்மா வீட்டுக்குப் போகும்போதும் ‘ஊருக்குப் போறேன்’, திரும்பி வரும்போதும் ‘ஊருக்குக் கிளம்பணும்’. இரண்டு ஊர்க்காரர்களும் ‘நீ அந்த ஊர்க்காரி’ என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே வாழ்கிற பெண்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால், எது சொந்த ஊர் என்று முடிவு செய்யும் உரிமை அதைச் சொல்பவருக்குத்தான். ‘நீங்க பிறந்தது அங்கே இல்லையே’ என்று திருத்தப் போகக்கூடாது.

விண்ணப்பப் படிவங்களில் விஷயம் எளிது. ‘பிறந்த இடம்’ என்றால் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி. ‘நிரந்தர முகவரி’ என்றால் நீங்கள் நிலையாகக் குடியிருக்கும் வீட்டின் முகவரி. ‘இருப்பிடம்’ என்றால் இப்போது குடியிருக்கும் இடம்.

பட்டாவில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லையே, ஏன்?

பட்டாவில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் என்று மூன்றும் இருக்கும். ஊர் இருக்காது. வருவாய்க் கிராமம் என்பது நிலத்தை அளந்து, புல எண் கொடுத்து, வரி வசூலிக்கப் பிரித்த அலகு. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து ஊர்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றின் பெயரைத்தான் முழுக் கிராமத்துக்கும் வைத்திருப்பார்கள், மற்றவை ‘குக்கிராமம்’ ஆகிவிடும். ஊராட்சி என்பது இன்னொரு அலகு. அதன் எல்லையும் வருவாய்க் கிராமத்தின் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அஞ்சல் நிலையம் வேறொரு ஊரில் இருந்தால் முகவரியில் அந்தப் பெயரும் சேர்ந்துகொள்ளும்.

பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் ‘நத்தம்’ என்று பார்த்திருப்பீர்கள். குடியிருப்பதற்கென்று விடப்பட்ட நிலம் அது. நன்செய், புன்செய் என்று பயிர் நிலங்களைப் பிரிப்பதுபோல, வீடு கட்டிக்கொள்ளும் பகுதி நத்தம். சோழர் கல்வெட்டுகளில் ‘ஊர்நத்தம்’ என்று வருவதும் இதே சொல்தான். ஆயிரம் வருடம் கழித்தும் தாலுகா அலுவலகத்தில் அன்றாடம் புழங்குகிறது.

பட்டி, பாக்கம், பட்டினம், பாளையம், குடி: இவற்றுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. ஆனால் பெயரை மட்டும் வைத்து ஊரின் சரித்திரத்தைச் சொல்லிவிட முடியாது. அகப்பொருள் இலக்கணத்தில் நிலத்துக்கு ஏற்ப ஊர்ப்பெயர்களைப் பிரித்திருக்கிறார்கள்: மலை சார்ந்த குறிஞ்சிக்குச் சிறுகுடி, குறிச்சி; மேய்ச்சல் நிலமான முல்லைக்குப் பாடி, சேரி; வயல் சூழ்ந்த மருதத்துக்குப் பேரூர், மூதூர்; கடற்கரையான நெய்தலுக்குப் பட்டினம், பாக்கம். நாகப்பட்டினத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். நுங்கம்பாக்கத்துக்குப் பொருந்தாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் கடல் வாடையே இல்லாத பாக்கங்கள் எக்கச்சக்கம்.

பட்டி, ஆடு மாடுகளை அடைக்கும் இடம். கால்நடை நிறைய வைத்திருந்த வறண்ட பகுதிகளில் பட்டிகள் அதிகம் இருப்பதில் வியப்பில்லை. கோவில்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று தென்மாவட்டங்களில் அடுத்தடுத்து வரும். பாளையம், படை தங்கிய இடம். 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்த பிறகு இந்தச் சொல் பரவலானது. மங்கலம் என்று முடிந்தால் பெரும்பாலும் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊராக இருக்கும். வலசை என்றால் வேறு இடத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் குடியேறியது.

நகர், புரம்?

சங்கப் பாடல்களில் ‘நகர்’ என்றால் பெரும்பாலும் வீடு, மாளிகை, கோயில். நகரம் என்ற பொருள் பின்னால் வலுத்தது. இன்று புதிதாக மனை பிரித்து விற்கும் இடமெல்லாம் நகர். 1920களில் சென்னையில் உருவான தியாகராய நகர் இந்த வகைக்கு நல்ல உதாரணம். புரம் வடமொழி வழி வந்தது.

மெசபடோமியாவில் ‘ஊர்’ என்ற நகரம் இருந்ததே, அது தமிழா?

தெற்கு ஈராக்கில் அப்படி ஒரு சுமேரிய நகரம் இருந்தது உண்மை. ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. ஓரசைச் சொற்கள் உலகில் எந்த இரண்டு மொழிகளிலும் தற்செயலாக ஒத்துப்போகும். ‘ஊர்’ பழமையான சொல் என்று காட்ட ஈராக் வரை போக வேண்டியதில்லை, சங்கப் பாடல்களே போதும்.

மற்ற திராவிட மொழிகளில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, பொருளில் சுவாரசியமான வேறுபாடுகளோடு. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘ஊரு’. 2014 நவம்பர் 1 அன்று கர்நாடக அரசு பெங்களூரு, மைசூரு, மங்களூரு என்று அதிகாரப்பூர்வமாக மாற்றியதில் கடைசியில் வரும் ‘உ’ அந்தக் கன்னட ஊருதான். ஆந்திரத்து நெல்லூரும் குண்டூரும் நமக்கு விளக்காமலே புரியும்.

மலையாளத்தில் குருவாயூர், திருச்சூர் என்று இடப்பெயர்களில் நிலைத்திருந்தாலும், தனிச்சொல்லாகப் பேச்சில் வருவது குறைவு. நாம் ‘ஊருக்குப் போகிறேன்’ என்கிற இடத்தில் அவர்கள் ‘நாட்டில் போகிறேன்’ என்பார்கள். ஆனால் அட்டப்பாடி போன்ற மலைப்பகுதிகளில் பழங்குடியினரின் குடியிருப்புக்கு இன்றைக்கும் ‘ஊரு’ என்றுதான் பெயர். அவர்கள் கூடிப் பேசும் சபை ‘ஊருக்கூட்டம்’. அரசுத் திட்டங்களிலும் அந்தச் சொல்லே புழங்குகிறது. சோழர் கல்வெட்டில் சபையைக் குறித்த ‘ஊர்’ நமக்கு வரலாற்றுப் பாடமாகிவிட்டது. அங்கே மலை மக்களிடம் ஊரும் கூட்டமும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

இலங்கையிலும் மலேசியாவிலும் எப்படிச் சொல்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் ‘ஊர்’ மிக அழுத்தமான சொல். புலம்பெயர்ந்து டொரொன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரின் பெயரில் சங்கம் வைத்திருக்கிறார்கள். ‘எவ்விடம்?’ என்று கேட்பதும் உண்டு. ஊருக்குள் உள்ள சிறு பிரிவைக் ‘குறிச்சி’ என்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று குடிகள் அதிகம்.

இலங்கையின் நடுவே உள்ள மலையகத்தில் கதை வேறு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தோட்டத்தின் பெயரே ஊரின் பெயர், வீடு என்பது ‘லயம்’. வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு அறைகள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் அந்த மண் அவர்கள் பெயரில் இல்லை. அவர்கள் எழுத்திலும் பேச்சிலும் ‘தோட்டம்’, ‘லயம்’ என்ற சொற்கள் எவ்வளவு கனமாக விழுகின்றன என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். மலேசியாவிலும் தோட்டப்புறம் என்ற சொல் இதே வழியில் வந்ததுதான். அங்கே பழைய தலைமுறைக்கு ‘ஊர்’ என்றாலே இந்தியா. பேரப்பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, அது இயல்புதான்.

பழைய காலத்தில் ஊர் என்றால் ஊரில் இருந்த எல்லோருமா?

இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோழர் காலத்தில் வேளாளர் வகை ஊர்களின் சபைக்கு ‘ஊர்’ என்றே பெயர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்களான பிரமதேயங்களில் இருந்தது ‘சபை’, வணிகர்களுடையது ‘நகரம்’. நிலம் வைத்திருந்தவர்கள்தான் அந்த ஊரில் உட்கார்ந்தார்கள். வயலில் இறங்கி உழைத்தவர்கள் ஊரில் வாழ்ந்தார்கள், ஆனால் ‘ஊரோம்’ என்று கையெழுத்திட்டவர்களில் அவர்கள் இல்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. அதில் ஊர்நத்தம் தனியாகவும், பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் (கம்மாளர் குடியிருப்பு) தனித்தனியாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து நின்றதற்குக் கல்லில் உள்ள சாட்சி அது.

அப்படியானால் சேரி என்பது இழிசொல்லா?

சொல்லின் பிறப்பில் இழிவு எதுவும் இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். சங்கப் பாடலில் பாணர்கள் வாழும் பாண்சேரி வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி இராசராசன் குடியேற்றிய 400 ஆடல் மகளிர் இருந்த இடம் தளிச்சேரி. பிராமணர் குடியிருப்பான உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) ஊரைப் பன்னிரண்டு சேரிகளாகப் பிரித்துச் சொல்கின்றன. அங்கே சேரி என்றால் ஒரு பகுதி, இன்றைய வார்டு மாதிரி. புதுச்சேரி ஒரு ஒன்றியப் பிரதேசத்தின் பெயர், வேளச்சேரி சென்னையில் ஒரு பகுதி.

இழிவு பின்னால் ஏற்றப்பட்டது. ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை மட்டும் குறிக்கும் சொல்லாக அது சுருங்கியது. பிறகு வசையாகவும் ஆனது. ஆகவே வரலாற்றைப் பேசும்போது சேரி என்று எழுதுங்கள், தவறில்லை. அந்த மக்கள் தங்கள் வாழ்வைச் சொல்லும்போது உரிமையோடு எடுத்தாள்வதும் அவர்கள் விருப்பம். வெளியில் நின்று ஒருவரின் பேச்சையோ நடத்தையையோ ‘சேரி மாதிரி’ என்று சொல்வது பச்சையான சாதி வசை. ‘அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை’ என்ற சமாதானமும் செல்லாது, வேறு அர்த்தம் அங்கே கிடையாது.

‘காலனி’ என்று எழுதலாமா?

காலனி ஆங்கில ஆட்சியோடு வந்த சொல். நகரங்களில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்று யாரும் குறையாக நினைக்காமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆதிதிராவிட மக்களுக்கு அரசு ஊரைவிட்டுத் தள்ளித் தொகுப்பு வீடுகள் கட்டிக்கொடுத்த இடங்களுக்கும் ‘காலனி’ என்று பெயரானது. கொஞ்ச காலத்தில் கிராமங்களில் ‘ஊர்’, ‘காலனி’ என்பது ‘ஊர்’, ‘சேரி’ என்பதன் மறுபதிப்பாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தின் பெயரில், ரேஷன் அட்டையில், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அந்த ஒரு சொல் இருந்தால் போதும், பிள்ளையின் சாதி வகுப்பறைக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடும்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறாதுதான். தண்ணீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, கோயில் தேர் போகும் தெரு ஆகியவற்றில் உள்ள பாகுபாட்டைப் பெயர்ப்பலகை தீர்க்காது. ஆனாலும் முகவரியே ஒரு குழந்தையை அடையாளம் காட்டிக்கொடுப்பது நிற்கும் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

எழுதும்போது என்ன செய்யலாம்? தெருவுக்கோ பகுதிக்கோ பெயர் இருந்தால் அதை எழுதுங்கள். பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் ‘குடியிருப்பு’ போதும். செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஊர் மக்களுக்கும் காலனி மக்களுக்கும் மோதல்’ என்று எழுதாதீர்கள். அவர்களும் அந்த ஊர் மக்கள்தான். என்ன நடந்ததோ, யார் யாரைத் தாக்கினார்களோ, அதை நேராக எழுதுங்கள்.

‘எந்த ஊர்?’ என்று கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ளத்தானே?

எப்போதும் அல்ல. பெரும்பாலும் அது பேச்சைத் தொடங்குகிற கேள்வி. தூரத்து ஊரில் நம் பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்தால் வருகிற சந்தோஷம் உண்மையானது.

சிக்கல் அடுத்தடுத்த கேள்விகளில் வரும். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘எந்தத் தெரு?’, ‘கோயில் பக்கமா, கீழ்ப்பக்கமா?’, ‘அங்கே யார் வீடு?’ என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். மூன்றாவது கேள்வியில் எதைத் தேடுகிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களில் இதைக் கடந்து வராதவர்கள் குறைவு.

கேட்பவர் நீங்கள் என்றால் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் ஊரில் மழை எப்படி, கண்மாய் நிறைந்ததா, பஸ் வசதி உண்டா என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. பதில் சொல்பவர் நீங்கள் என்றால், ஊர்ப் பெயரோடு நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. தெருவைச் சொல்ல வேண்டியது தபால்காரரிடம் மட்டும்தான்.